முதுமலையா, வால்பாறையா?

காட்டுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "அங்கே போனால் என்ன தெரியும்?" என்பதைத்தான். "அங்கே எவ்வளவு மழை பெய்யும்?" என்று யாரும் கேட்பதில்லை. எந்த மாதம் போவது, எங்கே தங்குவது, வண்டியிலா நடந்தா, கண்ணைத் தரையில் வைப்பதா மர உச்சியில் வைப்பதா என்கிற அத்தனைக்கும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் பதில் இருக்கிறது. தமிழ்நாட்டின் இரண்டு மலைக்காடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஒன்று, நீலகிரிக்கு வடக்கே மைசூர்ச் சாலையில் இருக்கும் முதுமலை. மற்றொன்று, பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலையின் மேல் இருக்கும் வால்பாறை.

இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. முதுமலைக்கும் ஆனைமலைக்கும் 2007-இல்தான் புலிகள் காப்பகம் என்ற தகுதி வந்தது. கோவையிலிருந்து காலையில் கிளம்பினால் இரண்டில் எதற்கும் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். அதனால் பலருக்கு இவை ஒன்றுக்கொன்று மாற்று: முதுமலையை ஒட்டிய மசினகுடியில் அறை கிடைக்கவில்லையா, சரி, வால்பாறைக்குப் போவோம். இப்படிப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து, "வால்பாறையில் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் தேயிலைதான்" என்பார்கள். அவர்கள் முதுமலைக்கான கண்ணோடு வால்பாறைக்குப் போனவர்கள்.

முதலில் புலிக் கணக்கைப் பேசி முடித்துவிடுவோம், எப்படியும் அது நடுவில் வந்து நிற்கும். 2022 தேசியப் புலிகள் கணக்கெடுப்பு முதுமலைக் காப்பகத்துக்குள் 114 புலிகள் என்றது; ஆனைமலைக் காப்பகத்துக்குள் 16. பரப்போ தலைகீழ். வெளிமண்டலத்தையும் சேர்த்து முதுமலை ஏறத்தாழ 688 சதுர கிலோமீட்டர், ஆனைமலை ஏறத்தாழ 1,480. இரண்டு மடங்குக்கும் பெரிய காட்டில் ஏழில் ஒரு பங்கு புலி. ஆனைமலையை மோசமாகப் பராமரிக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் சொல்லக் கூடாது. இரண்டும் வேறு வகைக் காடுகள்.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல் ஈரத்தைச் சுமந்து வந்து மலையின் மேற்கு முகத்தில் மோதிக் கொட்டுகிறது. வால்பாறைப் பீடபூமி அந்த முகத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை காணும் எஸ்டேட்டுகள் அங்கே உண்டு. சின்னக்கல்லாறு என்ற பெயரை ஜூன், ஜூலையில் செய்தி கேட்கிற எவரும் அறிவார்கள்; மாநிலத்தின் மழை அளவுப் பட்டியலில் அது அடிக்கடி முதல் வரிசையில் வரும். முதுமலைக்குக் காற்று வந்து சேரும்போது பெரும்பகுதி ஈரத்தை வயநாட்டிலும் கூடலூர் மலைகளிலும் இறக்கி வைத்துவிட்டே வருகிறது. காப்பகத்தின் மேற்கு ஓரத்தில் நல்ல மழை. கிழக்கே மசினகுடி, சீகூர் என்று போகப் போக மழை மெலிந்து, தேக்கும் மூங்கிலும் மறைந்து, முள்காடு வந்துவிடும். தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிக்குப் பத்து நிமிடப் பயணம்தான். அதற்குள்ளேயே சன்னலுக்கு வெளியே காடு மாறுவதைப் பார்க்கலாம்.

மழை குறைந்த காட்டில் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும், கோடையில் இலையை உதிர்க்கும், வெயில் தரைக்கு வரும். வெயில் வந்தால் புல் வரும். புல் வந்தால் புள்ளிமான், கடமான், காட்டு மாடு. இவை இருந்தால் புலி, சிறுத்தை, செந்நாய். அதாவது முதுமலையில் சாப்பாடு தரையில் பரிமாறப்படுகிறது. வால்பாறையைச் சுற்றியுள்ள மழைக்காட்டில் தரை இருட்டு. பகலிலும் வெளிச்சம் கீழே இறங்காது, புல்லுக்கு அங்கே வேலையில்லை. பழமும் தளிரும் பூவும் நூறடி உயரத்தில். அதனால் அங்கே வாழ்கிறவையும் மேலேயே வாழ்கின்றன: சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலை அணில், இருவாச்சி. தரையில் உணவு குறைவு என்றால் மான் குறைவு, மான் குறைந்தால் புலி குறைவு. 114-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த ஒரு காரணத்திலேயே அடங்கிவிடும்.

இரண்டு காடுகளுக்கும் இடையில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அறுந்து விழுந்த இடம் அது. சுமார் 30 கிலோமீட்டர் அகலம். காலையில் கோவைக்காரர்களின் முகத்தில் அடிக்கும் ஈரக்காற்று அதன் வழியாகத்தான் வருகிறது. யானையும் புலியும் இரு பக்கமும் ஒன்றே. மலை உச்சிகளில் வாழும் சின்ன உயிர்களுக்கு அது கடல் மாதிரி. வடக்கே நீலகிரியில் ஒரு சிரிப்பான் குருவி, தெற்கே ஆனைமலை, பழனி உயரங்களில் அதன் உறவான வேறொரு சிரிப்பான். பறவை பார்ப்பவர்களுக்கு மட்டும் இது திட்டத்தையே மாற்றும் சங்கதி: ஒரு பக்கம் மட்டும் போனால் பட்டியலில் பாதி காலியாக இருக்கும்.

இனி எப்படிப் பார்ப்பது என்பது. முதுமலையில் பார்க்கும் முறை ஏற்கெனவே வகுக்கப்பட்டது. தெப்பக்காட்டில் வனத்துறையின் சஃபாரி வண்டி காலையிலும் மாலையிலும் புறப்படும், சொந்த வண்டியைக் காட்டுப் பாதையில் விடமாட்டார்கள், இறங்கக் கூடாது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. சஃபாரி முடிந்த பிறகு தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிக்கும் தொரப்பள்ளிக்கும் போகும் பொதுச் சாலையில் பேருந்திலேயே உட்கார்ந்து போனாலும் யானைக் கூட்டம், மயில், புள்ளிமான் மந்தை எல்லாம் தெரியும். காடு திறந்து கிடப்பதால் குழந்தைக்கும் தெரியும், கண்ணாடி போட்ட பாட்டிக்கும் தெரியும். முதன்முதலாகக் காடு பார்க்கப் போகும் குடும்பத்துக்கு யோசிக்காமல் முதுமலையைச் சொல்வேன்.

ஆனால் முதுமலைக்குப் போகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தவறவிடும் ஒன்று வானத்தில் இருக்கிறது. மாயாற்றுப் பள்ளத்தாக்கு தென்னிந்தியாவில் பாறுக் கழுகுகள் இன்னும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் அரிதான இடங்களில் ஒன்று. ஆற்றோரத்து நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு வைக்கின்றன. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் வலி மருந்து, செத்த மாட்டின் உடல் வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியா முழுக்க அவற்றை வாரிக்கொண்டு போனது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. நாடெங்கும் அழிந்தது இங்கே ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம், இங்கே பாறுகளுக்குக் கிடைப்பதில் ஒரு பகுதி புலியும் செந்நாயும் அடித்துப் போட்ட மிச்சம். மருந்து ஏறாத இறைச்சி. புலியைக் காணவில்லை என்று சலித்துக்கொண்டு திரும்பும் பயணிக்கு, தலைக்கு மேல் வட்டமிடும் அந்தப் பெரிய இறக்கை புலியின் சமையலறையிலிருந்து வருவது என்பது தெரிவதில்லை. காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறித் தரையிலிருந்து வெப்பக் காற்று எழும்பும்போது மசினகுடிப் பக்கம் நிமிர்ந்து பாருங்கள். பிற சுற்றுலாப் பயணிகள் அறைக்குத் திரும்பித் தூங்கும் நேரம் அது. சீகூர் பக்கத்து வறண்ட காட்டில் கழுதைப்புலியும், மாயாற்றின் கிழக்குச் சமவெளியில் வெளிமானும்கூட உண்டு. ஊட்டிக் குளிரை ஒட்டி இப்படி ஒரு வெயில் காடா என்று ஆச்சரியமாக இருக்கும். வழக்கறிஞராக இருந்த இ.ஆர்.சி. டேவிதார் இந்தச் சீகூரில் வீடு கட்டிக்கொண்டு, யானைகள் எந்த வழியாக நடக்கின்றன என்று குறித்துவைத்தவர். யானை வழித்தடம் என்று இன்று நாம் பேசுவதற்கெல்லாம் முன்னோடி வேலை அவருடையது.

வால்பாறையில் சஃபாரி என்று வரிசையில் நின்று சீட்டு வாங்கி ஏறும் ஏற்பாட்டை எதிர்பார்த்துப் போக வேண்டாம். 220 சதுர கிலோமீட்டர் அளவுக்குத் தேயிலையும் கொஞ்சம் காப்பியும். அதற்கு நடுவே வெட்டாமல் தப்பிய மழைக்காட்டுத் துண்டுகள் நாற்பது வரை. நாற்புறமும் காப்பகக் காடு. 1890-களில் தொடங்கி வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் மழைக்காட்டை அழித்துத் தேயிலை வைத்தார்கள். சமவெளியிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த கூலி மக்கள் இங்கே பட்டதை, ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதினார், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் அது 'எரியும் பனிக்காடு'. பாலாவின் 'பரதேசி' படத்துக்கு அடிப்படை அந்த நாவல். வால்பாறைக்குப் பயணம் கிளம்பும் முன் ஏதாவது ஒரு புத்தகம் படிப்பதென்றால் பறவைக் கையேட்டுக்கு முன்னால் அதைப் படிக்கச் சொல்வேன். கண்ணுக்கு இதமான அந்தப் பச்சைச் சரிவை அதற்குப் பிறகு வேறு மாதிரிப் பார்ப்பீர்கள்.

இந்தத் தோட்டங்களுக்குள், காட்டுத் துண்டுகளின் ஓரத்தில்தான் விலங்குகள். எனவே வால்பாறையில் பார்ப்பது என்பது சாலையோரம் நிற்பது. புதுத்தோட்டம் எஸ்டேட்டை ஒட்டிய காட்டுத் துண்டு ஒரு சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சிங்கவால் குரங்குகள். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லாத விலங்கு, வால்பாறை நகரத்திலிருந்து சில நிமிடத் தொலைவில், சாலைக்கு மேல் கட்டிய தொங்கு பாலத்தில் ஒன்றன் பின் ஒன்றாகக் கடந்து போகும். மரக்கிளைகள் சாலைக்கு மேல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் இந்தப் பாலமே தேவைப்பட்டிருக்காது. கிளை அறுந்ததால் குரங்கு இறங்கியது, இறங்கியதால் வண்டியில் அடிபட்டது, அதனால் பாலம். பயணிகள் பிஸ்கட் போடப் பழகியதால் சில குரங்குகள் பாலத்தை விட்டுவிட்டு மறுபடி சாலைக்கே இறங்குகின்றன என்பது இதன் வேடிக்கையில்லாத பகுதி.

இருவாச்சிக்குப் பொறுமை வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அவை கூட்டில் இருக்கும் காலம். பெட்டை பெரிய மரப் பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்துக்கொண்டு, அலகு நீட்டும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைக்கும். ஆண் அத்திப்பழம் சுமந்து வந்து ஊட்ட வேண்டும். ஆண் செத்தால் பொந்துக்குள் இருப்பவற்றின் கதி கேள்விக்குறி. இதனால் கூட்டு மரத்துக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்க அழைத்துப் போகிறேன் என்பவர்களை நம்பிப் போகக் கூடாது. பழுத்த அத்தி மரம் ஒன்றைக் கண்டுபிடித்து, தள்ளி உட்கார்ந்திருந்தால் போதும். பெரிய இருவாச்சி வரும்போது பார்ப்பதற்கு முன்பே இறக்கைச் சத்தம் கேட்கும். முதுமலையில் ஒரு காலைப் பொழுதில் முப்பது விலங்குகளைப் பார்த்துவிடலாம். வால்பாறையில் ஒரு காலைப் பொழுதை ஒரே மரத்தடியில் கழிக்க மனம் இருக்க வேண்டும். இல்லாதவர்கள் போக வேண்டாம் என்று சொல்லத் தயக்கமில்லை.

யானை விஷயத்தில் இரண்டு ஊர்களும் நடந்துகொண்ட விதம் வேறு. பயணி இதைத் தெரிந்துகொண்டால் தங்குமிடம் தேர்ந்தெடுப்பது சுலபம். வால்பாறையில் யானைகள் ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குத் தேயிலை வழியாகத்தான் நடக்க வேண்டும். அந்த வழியில் தொழிலாளர்களின் லைன் வீடுகளும் ரேஷன் கடைகளும் இருக்கின்றன. யானை ஆய்வாளர் ஆனந்த குமாரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் யானைகளின் பின்னாலேயே சுற்றிக் கண்டது எளிமையான ஒன்று: யானை அங்கே நிற்பது தெரியாமல், இருட்டில் பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தவர்களே பெரும்பாலும் பலியானார்கள். ஆகவே செய்தியைச் சொன்னால் போதும். உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் வரி, கைபேசிக்குக் குறுஞ்செய்தி, பிறகு 2011 முதல் கைபேசியிலேயே இயக்கக்கூடிய சிவப்பு விளக்குகள். அருகில் யானை இருந்தால் மேட்டில் சிவப்பு விளக்கு எரியும். இந்த வேலைக்கு ஆனந்த குமார் 2015-இல் விட்லி விருது பெற்றார். அந்த விளக்கைச் சுற்றுலாப் பயணி பார்த்தால் செய்ய வேண்டியது, கேமராவை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடுவது இல்லை. திரும்பி வீட்டுக்குள் போவது. 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் நின்ற யானையைத் தாண்டிப் போகப் பார்த்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் பைக்கிலிருந்து தூக்கி வீசப்பட்டு உயிரிழந்தார்.

மசினகுடியில் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. சீகூர் பீடபூமி மேற்குத் தொடர்ச்சி மலை யானைகளும் கிழக்குத் தொடர்ச்சி மலை யானைகளும் போய் வரும் இடைவழி. ஒருபுறம் நீலகிரியின் செங்குத்துச் சரிவு, மறுபுறம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. நடுவில் உள்ள தரையில்தான் யானை நடந்தாக வேண்டும். அந்தத் தரையில்தான் ரிசார்ட்களும் முளைத்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் யானை வழித்தடத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது; 2018-இல் உச்ச நீதிமன்றம் 27 ரிசார்ட்களை மூடச் சொன்னது; 2020 அக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. 2021 ஜனவரியில் மசினகுடியில் தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள். காயம்பட்ட யானை செத்தது. மாநிலம் முழுக்க அந்தக் காணொளியைப் பார்த்தது. ஆகையால் மசினகுடி, பொக்காபுரம் பக்கம் அறை எடுக்கும்போது நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இரவு ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப் போகிறோம் என்று எந்த விடுதியாவது சொன்னால் அந்த விடுதியை விட்டுவிடலாம். இரவுச் சவாரிக்கு அனுமதியே கிடையாது. தெப்பக்காட்டிலும் மசினகுடியிலும் வனத்துறையின் ஓய்வு விடுதிகள் இருக்கின்றன. வசதி குறைவு, முன்பதிவு கடினம், ஆனால் மனசாட்சி உறுத்தாது.

வால்பாறையில் தங்குவதற்கு எஸ்டேட் பங்களாக்களும் வீட்டோடு தங்கும் ஏற்பாடுகளும். பழைய பங்களாவின் கணப்பும் வராந்தாவும் கேட்கும் விலைக்குத் தகுந்தவையே. நகரத்துக்குள் தங்குவதைவிட எஸ்டேட்டுக்குள் தங்கினால் காலை ஆறு மணிக்கு வராந்தாவிலிருந்தே காட்டு மாட்டைப் பார்க்க வாய்ப்பு உண்டு. இருட்டிய பிறகு தோட்டத்தில் நடக்கக் கூடாது. சிறுத்தை லைன் வீட்டு வாசலில் விளையாடிய குழந்தையைத் தூக்கிப் போன துயரம் வால்பாறைக்குப் புதிதல்ல. அங்குள்ள தொழிலாளி சிறுத்தையைப் பற்றிப் பேசும்போது பயணியின் பரவசம் அவர் குரலில் இருக்காது. "சிறுத்தை எங்கே பார்க்கலாம்?" என்று அவரிடம் கேட்காமல் இருப்பது மரியாதை.

முகாம் யானைகளைப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு இரு பக்கமும் இடம் உண்டு. தெப்பக்காட்டு முகாம் 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் பெற்ற பிறகு கூட்டத்தில் திணறுகிறது. மாலையில் ராகியும் கொள்ளும் உருண்டை பிடித்து ஊட்டுவதைப் பார்க்க நெரிசல். படத்தில் வரும் பொம்மனும் பெள்ளியும் காட்டுநாயக்கர் சமூகத்தவர். ஆனைமலைப் பக்கம் டாப்ஸ்லிப்பை அடுத்த கோழிகமுத்தி முகாம். பாகன்களில் மலசர்கள் அதிகம். கூட்டம் குறைவு. முகாமை வைத்து மட்டும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுப்பது எனக்கு உடன்பாடில்லை என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

டாப்ஸ்லிப் என்று சொன்னதால் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். வரைபடத்தில் டாப்ஸ்லிப்பும் வால்பாறையும் பக்கம் பக்கமாகத் தெரியும், காலையில் இங்கே மாலையில் அங்கே என்று திட்டம் போடுவார்கள். நடுவில் பொதுச்சாலை கிடையாது. டாப்ஸ்லிப்பிலிருந்து சேத்துமடை வழியாகக் கீழே இறங்கி, ஆழியாறு போய், மறுபடி 40 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். பாதி நாள் போய்விடும். டாப்ஸ்லிப்பின் காடும் வால்பாறையிலிருந்து வேறு: தேக்கு, மூங்கில், புள்ளிமான். பார்த்தால் முதுமலையின் தம்பி. மரத்துக்காக மொட்டையடிக்கப்பட்ட இந்த மலையில் தேக்கை மறுபடி எழுப்பியவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. கைத்தடியால் தரையைக் குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று ஊரில் சொல்வார்கள். 1933-இல் இறந்தவரின் கல்லறை அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவில் இருக்கிறது. பக்கத்திலேயே காரியன் சோலை என்ற பசுமைக்காடு. 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் நடைப்பாதைகளில் அதுவும் ஒன்று. ஒரே இடத்தில் தேக்கங்காட்டையும் சோலையையும் நடந்து பார்க்கக் கிடைப்பது டாப்ஸ்லிப்பில்தான். முதுமலை, வால்பாறை இரண்டுக்கும் போக நேரமில்லாதவர்கள் இரண்டு நாளை அங்கேயே செலவிட்டால் இரு வகைக் காட்டையும் ஓரளவு பார்த்தவர்கள் ஆவார்கள்.

மாதம். முதுமலைக்கு மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி இதமானவை. பிப்ரவரியிலிருந்து இலை உதிர்ந்து, குட்டைகள் வற்றி, விலங்குகள் மாயாற்றை நோக்கிக் குவியும், பார்ப்பதற்குச் சுலபம். சிக்கல் என்னவென்றால் காட்டுத்தீயும் அதே நேரத்தில் வரும். தீப் பருவம் கடுமையானால் சஃபாரியை நிறுத்திவிடுவார்கள். பணம் கட்டிய பயணி கோபப்படுவார். ஆனால் தீ இந்தக் காட்டை எப்படி மாற்றுகிறது என்பதை இந்திய அறிவியல் கழகத்தினர் 1988 முதல் முதுமலையில் 50 ஹெக்டேரில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து அளந்துவருகிறார்கள். அவர்களுடைய பதிவைப் படித்தவர்கள் கதவடைப்பைக் குறை சொல்லமாட்டார்கள். தீக்குத் தீனி சேர்ப்பதில் உண்ணிச்செடிக்குப் பெரிய பங்கு. புல் இருக்க வேண்டிய இடத்தில் ஆளுயரப் புதர். மானுக்கும் பயனில்லை, நமக்கும் பின்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது.  என் தேர்வு ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம்: கோடை மழை ஒன்றிரண்டு விழுந்து, கரிந்த தரையில் புதுப்புல் எழும்பும் நேரம்.

வால்பாறைக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது. சாலையில் மண் சரியும், எஸ்டேட் பாதையில் அட்டை ஏறும். தவளை பார்க்கிறவர்களுக்கு மட்டும் அதுவே திருவிழாக் காலம். மற்றவர்கள் அறையில் உட்கார்ந்து மூடுபனியைப் பார்க்கத் தயாராக இருந்தால் போகலாம். எந்த மாதமானாலும் ஆற்றில் இறங்காதீர்கள். கூழாங்கல் ஆறு தெளிவாக, ஆழமில்லாததுபோல் தெரியும், மேலே மழை பெய்தால் கீழே சொல்லிக்கொண்டு வராது. அப்படியொரு மழையில் 2019-இல் கல்லார் காடர் பழங்குடிக் குடியிருப்பே சரிந்தது. காட்டிலேயே பிறந்த அந்த மக்கள் தெப்பக்குளமேட்டில் குடியேற இடம் பெறுவதற்குப் போராட வேண்டியிருந்தது. பயணிக்கு பங்களா கிடைக்கும் வேகத்தில் அவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை.

சாலை விதிகள் வேகமாக. நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ். 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கும். கூடலூர்–மைசூர்ச் சாலை முதுமலைக்குள் இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. பிரேக் சூடேறி நடந்த விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு உண்டு, கூடலூர் சுற்றித்தான் வர வேண்டும். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்குப் போகும் காட்டுச் சாலையும் இரவில் மூடப்படும். நண்பகலுக்குள் கிளம்பினால் நடுவில் நின்று பார்க்கலாம்.

ஒரு வார விடுமுறை கிடைத்து இரண்டுக்கும் போக முடிந்தால், முதுமலைக்கு முதலில் போய்விட்டு வால்பாறைக்கு வாருங்கள். திறந்த காட்டில் விலங்கைக் கண்டுபிடிக்கக் கண் பழகிய பிறகே அடர்காட்டில் கிளையசைவைப் படிக்க வரும். வரிசையை மாற்றினால் வால்பாறை நாட்கள் வீணாகும். மசினகுடியிலிருந்து ஊட்டி, குன்னூர், கோவை, பொள்ளாச்சி என்று ஒரு முழு நாள் சாலையிலேயே போகும். அன்று மாலையே மலை ஏற வேண்டாம். இருட்டில் ஏறினால் ஆழியாறு அணையும் தெரியாது, வழியில் எதுவும் தெரியாது. ஆழியாறிலோ பொள்ளாச்சியிலோ தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், பாறைச் சரிவில், பல நாட்கள் சாலையோரத் தடுப்புச் சுவரிலேயே, வரையாடுகள் நிற்கும். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் 1,031 மட்டுமே இருந்த மாநில விலங்கு அது. அக்காமலைப் புல்வெளியில் அவை கூட்டமாக இருக்கின்றன, அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதியில்லை. நமக்கு வாய்த்த இடம் இந்த வளைவுதான். வண்டியை வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். மனிதர்களுக்குப் பழகிய ஆடுகள் கையை முகர்ந்து பார்க்கும் தூரத்துக்குக்கூட வரும். கையில் தின்பண்டம் எதுவும் இருக்கக் கூடாது.